ஜோதிக்கு முன்னால் ஊதிய சங்கு

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று மலைமேல் ஜோதி தெரிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் விளக்கு ஏற்ற மாட்டார்கள். சாமி விளக்கு மட்டுமில்லை, கரண்ட் விளக்கைக்கூடப் போட மாட்டார்கள். சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும். வாசலில் அகல்கள் எண்ணெயும் திரியுமாக வரிசையில் காத்திருக்கும். பெண்கள் கையில் நெருப்புப்பெட்டியை வைத்துக்கொண்டு மலையையே பார்த்தபடி நிற்பார்கள். விரதம் இருப்பவர்கள் விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள். மேலே நெருப்பு தெரிந்ததும் ஊரே ஒரே குரலில் அரோகரா போடும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை கிடைக்கும் என்பதால், எங்களைவிடப் பக்தியாக மலையைப் பார்த்தவர்கள் அந்த ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கார்த்திகை மழை மாசம். பல வருஷம் மேகம் வந்து மலையின் தலையை மூடிவிடும். கோயில் பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் கவலை இல்லை, ஜோதி ஏற்றியதும் கோயிலில் போடும் வேட்டுச் சத்தம் கேட்கும். நாங்கள் இருந்தது வேட்டவலம் ரோட்டில், ஊருக்குக் கிழக்குக் கோடியில். மழைக்காற்று அடித்தால் அங்கே வேட்டும் கேட்காது, ஒன்றும் கேட்காது. எங்கள் பக்கத்து ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தது மல்லாட்டை மில்லின் சங்கை. மல்லாட்டை என்றால் எங்கள் ஊரில் நிலக்கடலை.

சங்கு என்று பேர்தானே தவிர அது கரண்டில் ஓடும் சைரன். மில் கூரைக்கு மேலே இரும்புக் கம்பத்தில், கவிழ்த்துப் போட்ட வாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். காலையில் ஆட்கள் உள்ளே போக ஊதும், மத்தியானம் சாப்பாட்டுக்கு ஊதும், சாயங்காலம் வேலை விட ஊதும். அதை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் உலை வைப்பார்கள், மாட்டை அவிழ்ப்பார்கள். முனையில் ஒரு சலூன்காரர் இருந்தார். மத்தியானச் சங்கு ஊதினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஒரு தடவை வாத்தியார் ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையோடு அவர் திரும்பி வருகிற வரை உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். அவ்வளவு மரியாதை அந்தச் சங்குக்கு.

கார்த்திகை தீபத்தன்று மில் ஓடாது. ஆனால் சங்கு மட்டும் ஒரே ஒரு தடவை ஊதும். ஜோதி தெரிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அந்தச் சங்கின் பொத்தான் என் நைனாவின் கையில் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மில்லில் மோட்டார் ரூமுக்கு அவர்தான் மேஸ்திரி. கார்த்திகையன்று சாயங்காலம் அதன் மொட்டைமாடியில் ஏறி நின்று மலையைப் பார்ப்பார். மேகம் மூடியிருந்தாலும் ஜோதி பிடித்தவுடன் மேகத்துக்குள்ளே ஒரு செம்மை கட்டும், அதை நன்றாக உற்றுப் பார்த்தால் தெரியும் என்பார். தெரிந்ததும் விடுவிடுவென்று இறங்கிப் போய்ப் பொத்தானை அமுக்குவார். எனக்குத் தெரிந்து ஒரு வருஷமும் தப்பியதில்லை. நானும் அவருடன் மாடிக்குப் போவேன். தெருப் பையன்களிடம் அந்த ஒரு நாள் எனக்கு இருந்த செல்வாக்கு வேறு எந்த நாளும் இருந்ததில்லை.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. எங்கள் ஊர் அப்போது மாவட்டத் தலைநகரம் ஆகவில்லை. எதற்கும் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். மலை இருந்த இடத்தில் மலை இல்லை, மேகம்தான் இருந்தது. முதலாளி கோயிலுக்குள் நின்று தீபம் பார்க்கக் காரில் போய்விட்டார். மில்லுக்கு ஒட்டினாற்போலத்தான் அவர் வீடு. வீட்டு முன்கூடத்தில் சாய்வு நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெரியவர் என்றால் முதலாளியின் அப்பா, அந்த மில்லைத் தொடங்கியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதி வேறு. தினமும் காலையில் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். கார்த்திகையன்றும் ஊசி போட்டுக்கொண்டார், சாப்பாட்டைத்தான் விட்டுவிட்டார். இளந்தாரி வயசிலிருந்து விடாத விரதம். கண் போன பிறகு, சங்கு ஊதினால்தான் வாயில் தண்ணீர் என்று ஆகிவிட்டது. வீட்டு மனுஷர்கள் சொன்னால் நம்ப மாட்டார், சங்கைத்தான் நம்புவார்.

நானும் நைனாவும் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மாடியில் நின்றோம். இன்னும் நேரம் இருந்தது. அப்போது கீழேயிருந்து கூப்பிடும் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் முதலாளியம்மா. மழையில் நனைந்தபடி, செருப்புகூட இல்லாமல் மோட்டார் ரூம் வாசலில் நிற்கிறார். அந்த அம்மா மில்லுக்குள் கால் வைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நைனா இறங்கி ஓடினார். நானும் பின்னாலேயே.

"மேஸ்திரி, ஊதிடுங்க" என்றார் அந்த அம்மா.

"இன்னும் ஏத்தலீங்களேம்மா."

"எனக்குத் தெரியும். மாமாவுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வேர்த்து ஊத்துது, வேட்டி எல்லாம் நனைஞ்சிடுச்சி. சர்க்கரத் தண்ணி கலக்கி வெச்சிருக்கேன், பல்லக் கடிச்சிக்கினு வாயத் தொறக்க மாட்டேன்றாரு. சங்கு ஊதட்டும், சங்கு ஊதட்டும்ன்றாரு. பேச்சு வேற கொழறுது."

"டாக்டரு..."

"எந்த டாக்டர் இப்ப வருவாரு? எல்லாரும் கோயில்லல்ல கீறாங்க."

நைனா மாடிப்படியைப் பார்த்தார். பிறகு பொத்தானைப் பார்த்தார். "இந்தப் பக்கமே இத நம்பித்தான் ஏத்துதும்மா. விரதக்காரங்க எல்லாம் வாயில போட்டுடுவாங்க" என்றார்.

"பாவம் என் தலைமேல வரட்டும். அவரு போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்? உங்க கால்ல வுழறேன் மேஸ்திரி."

விழுந்துவிடுவார் போலத்தான் இருந்தது. நைனா பதறிப் பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் சுவரில் முட்டி நின்றார். அங்கேதான் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினார்.

சங்கு எழும்பியது. அது ஊதுவதை அவ்வளவு கிட்டத்தில் நின்று கேட்டால் வயிறு நடுங்கும். முதலாளியம்மா ஓடிவிட்டார். நான் மாடிக்கு ஓடினேன். தெருவில் முதல் அகல் பிடித்தது, அடுத்த வாசல் பிடித்தது, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நெருப்பு ஓடியது. கரண்ட் விளக்குகள் எரிந்தன. அரோகரா என்று ஜனங்கள் போட்ட சத்தத்தில் மழைச் சத்தம் அமுங்கிப்போனது. நான் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மேகம் அப்படியே கிடந்தது. செம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை.

நைனா என் பின்னால் வந்து நின்றார். "மூடியே கெடக்கணும்டா" என்றார். மேகத்தைச் சொன்னார். நைனா சாமியிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டார்.

மற்ற வருஷமெல்லாம் ஊரே வேண்டிக்கொண்டாலும் விலகாத மேகம், அன்றைக்கு விலகியது. திரையை ஒதுக்குகிற மாதிரி மெதுவாக ஒதுங்கியது. மலையின் தலை தெரிந்தது. கருப்பாக இருந்தது. தெருவில் அத்தனை விளக்கும் எரிய, மேலே மட்டும் இருட்டு. பேச்சு ஒவ்வொரு வாசலாக நின்றுபோனது. வாயில் அடையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். பிள்ளை வரம் வேண்டி விரதம் இருந்த ஒரு பெண், கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு பொறி தோன்றியது, படபடவென்று வளர்ந்தது, ஜோதி பிடித்தது.

ஜனங்கள் இரண்டாம் தடவை அரோகரா போட்டார்கள். அந்த மாதிரி ஒரு அரோகராவை நான் பிறகு கேட்டதில்லை. அழுகை மாதிரி இருந்தது.

முதலாளியின் கார் திரும்பி வந்தபோது மில் கேட்டுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நைனா கேட்டுக்கு உள்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆளாளுக்குப் பேசினார்கள்.

"இன்னா மேஸ்திரி, அண்ணாமலையாருக்கு முந்தியே நீ ஏத்திட்டியா?"

"காலையிலயே போட்டுட்டு வந்து கவுந்திருப்பான்பா. பொத்தான் மேல வுழுந்திருப்பான்."

"சிரிக்காதடா. எம் பொண்ணு வெரதம் போச்சி. இவன் வூட்ல எவ வெரதம் இருந்தா?"

நைனா குடிக்கிற ஆள் இல்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள்.

முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினார். கூட்டம் சொன்னதை எல்லாம் கேட்டார். "இருங்க வரேன்" என்று வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். வந்தவர் நைனாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவருடைய கால்களைப் பார்த்துத்தான் பேசினார்.

"மோட்டார் ரூம் சாவியக் குடு."

நைனா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "முதலாளி, ஒரே ஒரு வார்த்த..."

"ஒரு வார்த்தையும் வேணாம். நாளையிலேர்ந்து உள்ள வராத. லைன் வூட்டையும் காலி பண்ணிடு."

"இன்னா ஏதுனு ஒரு தபா கேட்டுட்டு..."

"வாய மூடுடா!"

அத்தனை வருஷத்தில் முதலாளி நைனாவை 'டா' போட்டுப் பேசியதில்லை. கூட்டத்துக்குத் திருப்தியாகிவிட்டது. சொம்பைப் போட்ட பெண்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

லைன் வீடு என்றால் மில் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த ஓட்டு வீடுகள். ஒரு ரூம், ஒரு தாழ்வாரம். நாங்கள் ஐந்து பேர் அதில் இருந்தோம். அம்மா மறுநாள் காலையில் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நைனாவிடம் கேட்டுப் பார்த்து ஒன்றும் பெயரவில்லை. "நீ கூடத்தானடா இருந்த? இன்னா நடந்திச்சி?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அடுப்பில் கொதித்த சோற்றை அப்படியே இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாளி வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள்.

முதலாளியம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு கதவை ஒருக்களித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்கதான ஊதச் சொன்னீங்க? அத வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா. போதும்" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நேத்து ராத்திரியே. கார்லேர்ந்து எறங்கி உள்ள வந்தாரே, அப்பவே சொல்லிட்டேன்."

"தெரிஞ்சிமா வேலைய வுட்டு எடுத்தாரு?" என்றாள்.

முதலாளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "மாமாவுக்குத் தெரியக் கூடாது. ஜோதிக்கு முன்னாடி தண்ணி குடிச்சிட்டோம்னு தெரிஞ்சா அன்னத்தயே வுட்டுடுவாரு, அப்பிடிப்பட்ட மனுஷன். ஊர்லயும் இன்னா சொல்லுவாங்க? மில்லுக்காரன் வூட்ல வெரதம் முறிக்கறதுக்காக ஊரயே ஏமாத்துனாங்கனு சொல்ல மாட்டாங்களா? கொஞ்சம் பொறுத்துக்கங்க..."

"உங்க மாமனாரு ஒரு நாளு பட்டினி கெடக்கக் கூடாது. எங்க வூட்ல அஞ்சி பேரு தெனைக்கும் கெடக்கலாமா?"

அந்த அம்மா அழுதார். நாங்கள் திரும்பி வந்தோம். வருகிற வழியில், "தெரிஞ்சிடுச்சில்ல, அப்பறம் ஏம்மா நைனாவ கூப்புடல?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை.

அந்த வாரம் மில்லில் சங்கு ஊதவில்லை. நைனா இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை, மற்ற ஆட்களும் அந்தப் பொத்தானைத் தொட மறுத்தார்கள். சிலருக்குப் பயம், சிலருக்குக் கோபம். எங்கள் பக்கமே திசை தெரியாமல் திண்டாடியது. ஆட்கள் முன்னே பின்னே வந்தார்கள், சலூன்காரர் பசியை வைத்து நேரம் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் சங்கத்துக்காரர் வந்தார். மில்லில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர், தொழிலாளர் சங்கத்தில் இருந்தார், சட்டம் கொஞ்சம் தெரியும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார்.

"மேஸ்திரி, இப்பிடி வெளிய தள்ள முடியாது. இன்னா தப்புனு மொதல்ல எழுதிக் குடுக்கணும். நீ பதில் சொல்லணும். விசாரண வெக்கணும். வெக்கலனா வேலூர்ல லேபர் ஆபீசர்கிட்ட நிக்க வெச்சிடுவேன். அது இருக்கட்டும், நீ இன்னாத்துக்கு ஊதின? அத மட்டும் எங்கிட்ட சொல்லு."

நைனா சுவரில் காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "கண்ணு ஏமாந்துடுச்சி" என்றார்.

உள்ளே அம்மா ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"மொட்ட மாடியில நின்னு மேகத்துக்குள்ளயே செவப்பப் பாக்கற ஆளு நீ. உன் கண்ணா ஏமாறும்?" என்றார் சங்கத்துக்காரர்.

சங்கத்துக்காரர் விடுகிற ஆளாக இல்லை. அறுவடை முடிந்து மல்லாட்டை வண்டி வண்டியாக வந்து இறங்குகிற சமயம். ஆட்கள் ஒருநாள் மூட்டையைத் தொட மாட்டோம் என்று கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மழையில் நனைந்தால் காய் முளை விட்டுவிடும். முதலாளி இங்கும் அங்கும் நடந்தார். "விசாரிக்கறதுக்கு இன்னா கீது? ஊரே பாத்துச்சி" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெரியவர் சொல்லி அனுப்பினார். தான் மில் நடத்தின காலத்தில் ஒருத்தனையும் கேட்காமல் அனுப்பியதில்லை, மேஸ்திரியைக் கூப்பிடுங்கள், நானே கேட்கிறேன் என்று. ஆட்கள் கை தட்டினார்கள். சங்கத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "கெலிச்சிட்டோம் மேஸ்திரி! பெரியவரே கேக்கறாராம்!" அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். நைனா சொல்லாவிட்டால் தான் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் கிளம்பினாள். எனக்கு அது தெரியும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

மில் களத்தில் காய வைக்கிற இடத்தில் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டுடன் உட்கார்ந்திருந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி நின்றார். வீட்டு ஜன்னலில் முதலாளியம்மாவின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. ஆட்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நாங்கள் நின்ற இடம் பெரியவருக்குக் கிட்டத்தில், நாற்காலிக்கு ஒரு பக்கமாக. அவருடைய வலது கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. நாற்காலிக் கட்டையை அந்தக் கை பிடித்திருந்த பிடியில் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வயசானவர், விழுந்துவிடப் போகிறோம் என்று பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மேஸ்திரி வந்துட்டாரா?"

"கீறேங்க."

"ஏம்பா ஜோதிக்கு முன்னாலயே ஊதின? கேக்காம அனுப்பிட்டாங்கனு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. நானே கேக்கறேன், சொல்லு."

முதலாளியின் உதடு காய்ந்துபோயிருந்தது. நைனா ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பெரியவரின் வெள்ளை விழுந்த கண்களைத்தான் பார்த்தார்.

"மேகத்துல செவப்பா தெரிஞ்சிதுங்க. ஜோதினு நெனச்சிட்டேன்."

"செவப்பாவா?"

"ஆமாங்க."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

அம்மா என் மணிக்கட்டை விட்டுவிட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "பெரியவரே, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"வூட்டுக்குப் போ" என்றார் நைனா, திரும்பாமலேயே.

"போக மாட்டேன். நான் சொல்லித்தான் தீருவேன்..."

"மேஸ்திரிதான் சொல்லிட்டாரேம்மா" என்று பெரியவர் குறுக்கே சொன்னார். அவ்வளவு வேகமாக அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "புருஷன் சொன்னதுக்கு மேல உனக்கு இன்னா தெரியும்? நீயா மாடியில நின்ன?"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா இப்போது திரும்பினார். அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தைக் குறுக்கே கடந்து வெளியே போய்விட்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பெரியவரின் கை தளர்ந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலாகக் கட்டையை விட்டது. மடிமேல் போய் விழுந்தது. பெருமூச்சு விட்டார்.

"எனக்குத்தான் கண்ணு தெரியல. உனக்குமா மேஸ்திரி?" என்றார். ஆட்களில் சிலர் சிரித்தார்கள். "கண்ணு தெரியாத ஆள மோட்டார் பக்கத்துல வுட முடியாது. கைய கிய்ய வுட்டுட்டா யாரு பொறுப்பு? எம் பையன் செஞ்சது சரிதான்."

சங்கத்துக்காரர் எழுந்தார். "பெரியவரே, இது விசாரணயா?"

"கேட்டேன், சொன்னான். இதுக்கு மேல இன்னா விசாரண?"

சங்கத்துக்காரர் நைனாவைப் பார்த்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். தானே ஒத்துக்கொண்ட ஆளுக்காக யார் வேலை நிறுத்தம் செய்வார்கள்? ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு மூட்டைக்குப் போனார்கள்.

பெரியவருக்குக் கண்தான் இல்லை, காது பாம்புக் காது என்று மில்லில் சொல்வார்கள். கேட்டுக்கு வெளியே வண்டி நின்றால் எந்த ஊர் வண்டி என்று மாட்டு மணியை வைத்துச் சொல்வாராம். அந்தக் காதில் தெருவின் இரண்டாவது அரோகரா விழாமல் இருந்திருக்காது. ஒரு தீபத்துக்கு ஒரு அரோகராதான். சர்க்கரைத் தண்ணீர் குடித்து நடுக்கம் நின்றபோதே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். மருமகளுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் தனக்குத் தெரியும் என்று அவர் அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது நைனாவின் வாயிலிருந்து அந்த ஒரு பொய்தான். அதை ஊர் முன்னால் வாங்கிக்கொள்ளத்தான் நாற்காலியைக் களத்தில் கொண்டுவந்து போட்டார்கள். இதெல்லாம் எனக்கு விளங்க ரொம்ப காலம் ஆயிற்று. விளங்கியபோது கேட்பதற்கு நைனா இல்லை. அவருக்கு அது அப்போதே விளங்கியிருந்ததா, தெரிந்துதான் கொடுத்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு அவர் அடி அண்ணாமலைப் பக்கம் கிணறு கிணறாகப் போய் பம்புசெட்டு பார்த்துப் பிழைத்தார். வேலையில் குறை சொன்னவர் இல்லை. ஆனாலும் கார்த்திகை வந்தால் யாராவது ஒருவர், "மேஸ்திரி, ஏத்திட்டாங்களா பாரு" என்பார். அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும்தான். பிடி விட்டுவிட்டது, பெரியவருக்குக் கோபம் போய்விட்டது, மற்றதெல்லாம் பெரிய மனுஷர்கள் சபையில் சொல்கிற பேச்சு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். களத்திலிருந்து வரும்போது நைனாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நைனா, பெரியவருக்கு உம்மேல கோவம் இல்ல இல்ல?"

"இல்லடா."

"அப்ப நாளைக்கு வேலைக்குக் கூப்புடுவாரா?"

நைனா என் தலையில் துண்டைப் போட்டார். "நட, தூறல் போடுது" என்றார்.

மறுநாள் காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஒரு வாரமாகக் கேட்காத சங்கு. எப்போதும் போல எழும்பி, நின்று, அடங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பக்கத்தில் தடவிப் பார்த்தேன், நைனாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. போர்வையை உதறிவிட்டு எழுந்து ஓடினேன். அம்மா அடுப்பங்கரையில் குந்தியிருந்தாள், அடுப்பு மூட்டவில்லை.

"எம்மா, கேட்டியா? நைனாவ கூப்ட்டுட்டாங்க! நைனாதாம்மா ஊதறாரு!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே வாசலைப் பார்த்தாள். நான் திரும்பினேன். நைனா வாசலில் நின்றுகொண்டு, எங்கள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.